பெட்டிக்குள் இருந்த எக்ஸ்ரே

2018-ஆம் ஆண்டு ஆடி மாதம். விஜயபுரத்தில் அன்றிரவு மின்சாரம் இல்லை. புழுக்கத்தில் விழித்துக்கொண்ட அந்தத் தாய், பக்கத்துப் பாயில் ஒன்பது வயது மகன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். முழங்கால்களை மார்போடு சேர்த்துக் கட்டி, நடுவே தலையணையைச் செருகி, முன்னால் குனிந்திருந்தான். "படுத்தா முதுகு வரைக்கும் இழுக்குதும்மா" என்றான்.

வலி அவனுக்குப் புதிதல்ல. அதற்கு முன் இரண்டு முறை வந்து போயிருந்தது. பூச்சி மருந்து கொடுத்தார்கள். வாயு என்றார்கள். பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்றுகூடச் சொன்னார்கள். அன்றிரவு தாயைக் கதிகலங்க வைத்தது வலி அல்ல, பிள்ளை உட்கார்ந்திருந்த விதம். அவருடைய அப்பா அப்படித்தான் உட்காருவார்.

விஜயபுரம் இருப்பது ஆந்திரத்தில், பழைய சித்தூர் மாவட்டத்தின் தமிழ் எல்லையோரம். 1960-ல் எல்லையை மாற்றி வரைந்தபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. விஜயபுரம் ஆந்திரத்திலேயே நின்றது. அந்தக் குடும்பத்தில் வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. நேர்த்திக்கடன் என்றால் திருத்தணி முருகன் அல்லது திருமலை. எலும்பு முறிந்தால் இருக்கவே இருக்கிறது புத்தூர் கட்டு. ஆனால், மாதக்கணக்கில் விட்டு விட்டு வரும் வயிற்றுவலிக்கு எங்கே போவது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அப்பா நகரியில் விசைத்தறி ஓட்டியவர். சின்ன வயதிலிருந்தே அவரை 'வயித்துவலிக்காரன்' என்றுதான் பாட்டி சொல்வாராம். முப்பது வயதில் சர்க்கரை வந்தது. சாப்பிடுவது உடம்பில் ஒட்டவில்லை. பானையில் போட்ட சோறு எங்கே போகிறது என்று வீட்டில் ஆச்சரியப்படும் அளவுக்கு மெலிந்தார். 1996-ல், நாற்பது வயதில், இறந்துபோனார். அப்போது மகளுக்கு வயது பன்னிரண்டு.

அவர் இறந்ததைவிட, எதனால் இறந்தார் என்று ஊர் சொன்னதுதான் அந்த வீட்டில் நீண்ட நாள் தங்கியது. 1992-ல் நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டாவில் பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்புப் போராட்டம் ஆந்திரம் முழுவதும் பரவிய காலம் அது. 1993-ல் சாராயத்துக்குத் தடை வந்தது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கே வந்துவிட்டது. வைத்தியருக்காகவும் வேண்டுதலுக்காகவும் அப்பா திருத்தணி பஸ் ஏறுவார். திரும்பும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தள்ளாடி இறங்குவார். பார்த்தவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். இங்கே கிடைக்காததைத் தேடி எல்லை தாண்டிப் போகிறான் என்றார்கள்.

ஒரு மருத்துவச் சீட்டும் அதற்குத் துணை போனது. அப்பாவைப் பார்த்த யாரோ ஒரு டாக்டர், நோய்க்கான காரணம் என்ற இடத்தில் 'குடிப்பழக்கம்' என்று ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார். சீட்டிலிருந்த கேள்விக்குறி ஊருக்குள் வந்து சேரவில்லை. அந்தச் சொல் மட்டும் வந்தது.

அதை நம்பியவர்களில் அப்பாவின் சொந்த அக்காவும் ஒருவர். சாராயக் கடைக்கு எதிராக ஊர்வலம் போனவர் அத்தை. அவருடைய புருஷன் குடித்தே குடும்பத்தைக் கரைத்தவர். "குடிச்சவன் எவன் ஒத்துக்கிட்டான்?" என்பார் அத்தை. தம்பி சத்தியம் செய்தபோதும் இதையே சொன்னார். தம்பியின் திதிக்குக்கூட அவர் வந்ததில்லை. 2006-ல் அந்த அத்தையின் மகனுக்கே இவரைக் கட்டிக் கொடுத்தார்கள். முறைப்படி பந்தம் ஒட்டியது. அப்பாவைப் பற்றிய பேச்சு மட்டும் அந்த வீட்டில் எழுந்ததே இல்லை.

2019-ல் மகனின் வலி மூன்று நாள் விடாமல் நீடித்து, வாந்தியும் சேர்ந்துகொண்டதால், திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். ரத்தத்தில் லைபேஸ் என்ற பொருள் இருக்க வேண்டியதைப்போல் பல மடங்கு இருந்தது. ஸ்கேனில் கணையத்தில் கற்கள். "கிட்னியில கல்லு கேள்விப்பட்டிருக்கோம், இது என்ன சார்?" என்று கேட்டார் கணவர். அங்கிருந்து வேலூருக்கு அனுப்பினார்கள்.

வேலூரில் டாக்டர் முதலில் கேட்டது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்பதுதான்.

"எங்கப்பாவுக்கு இருந்துச்சு. ஆனா அவரு குடிச்சாரு..." என்று தொடங்கிய அந்தத் தாய் நிறுத்திக்கொண்டார். அந்தச் சொல்லைத் தன் வாயால் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

டாக்டர் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. "அவருக்கு வலி எந்த வயசுல ஆரம்பிச்சது?" என்று மட்டும் கேட்டார். பழைய சீட்டு, எக்ஸ்ரே ஏதாவது இருந்தால் அடுத்த முறை எடுத்து வரச் சொன்னார்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் ஓர் உறுப்பு. நீளம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். வலி முதுகுக்குப் பாய்வதும், முன்னால் குனிந்தால் கொஞ்சம் தணிவதும் அது இருக்கும் இடத்தால்தான். அதற்கு இரண்டு வேலை. ஒன்று, சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைச் சுரப்பது. மற்றொன்று, சாப்பாட்டைச் செரிக்கும் நீரைக் குடலுக்கு அனுப்புவது.

அந்த நீரில் டிரிப்சின் என்ற நொதி இருக்கிறது. இறைச்சியையே கரைக்கக்கூடியது. கணையமும் சதைதானே, அது ஏன் கரைவதில்லை? கணையம் அந்தக் கத்தியை உறைக்குள் போட்டுத்தான் அனுப்புகிறது. உறையைக் கழற்றுவது சிறுகுடல். தப்பித்தவறி உள்ளேயே உறை கழன்றால் அதைப் பிடித்து அடக்கவும் காவல் உண்டு. அந்தக் காவல் தளர்ந்தவர்களுக்குக் கணையம் தன்னைத் தானே செரிக்கத் தொடங்குகிறது. அதுதான் அழற்சி. திரும்பத் திரும்ப வந்தால் கணையம் தழும்பேறி, சுருங்கி, கல் கட்டிவிடுகிறது.

இது வழிவழியாக வரலாம் என்பதை 1952-லேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த கம்ஃபர்ட், ஸ்டைன்பெர்க் என்ற இரு மருத்துவர்கள் ஒரு குடும்பத்தைப் பார்த்து எழுதினார்கள். காரணமான மரபணுவை 1996-ல் பிட்ஸ்பர்க்கில் டேவிட் விட்காம்பின் குழு கண்டுபிடித்தது. தற்செயலாக, அப்பா இறந்த அதே வருடம். பி.ஆர்.எஸ்.எஸ்.-1 என்ற அந்த மரபணுவில் பிழை இருந்தால், டிரிப்சினே அடங்க மறுக்கும். பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் போதும், பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்தவர்களில் ஐந்துக்கு நாலு பேர் நோயாளியாகிறார்கள்.

இந்தியாவின் கதை கொஞ்சம் வேறு. குடிப்பழக்கமே இல்லாத ஏழை இளைஞர்களுக்குக் கணையத்தில் கல் இருப்பதைக் கேரளத்தில் டாக்டர் பி.ஜே. கீவர்கீஸ் 1960-களிலிருந்து விரிவாகப் பதிவு செய்தார். சிறுவயதில் வலி, இளவயதில் சர்க்கரை, வாழ வேண்டிய வயதில் சாவு என்று அதன் போக்கை அவர் வகுத்தார். மரவள்ளிக் கிழங்கின் மேல் சந்தேகம் விழுந்தது. அதைத் தொடாதவர்களுக்கும் நோய் வந்ததால் அந்தச் சந்தேகம் வலுவிழந்தது. 2002-ல் ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் கிரிராஜ் சாண்டக்கின் குழு இந்திய நோயாளிகளைச் சோதித்தபோது, அமெரிக்காவில் கண்டுபிடித்த மரபணுப் பிழை இங்கே முக்கியக் காரணமாகத் தெரியவில்லை. பலரிடம் இருந்தது ஸ்பிங்க்-1 என்ற வேறொரு மரபணுவின் மாற்றம். விழித்துக்கொண்ட டிரிப்சினை அடக்கும் காவல் என்று சொன்னோமே, அந்தக் காவலைத் தயாரிக்கும் மரபணு அது.

மகனின் ரத்தத்தைச் சோதித்த முடிவும் அதையே சொன்னது. அவனிடம் ஸ்பிங்க்-1 மாற்றம் இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்று அம்மா கொடுத்தது. இன்னொன்று அப்பா கொடுத்தது.

அதுவரை அந்தத் தாய் எல்லாப் பாரத்தையும் தன் தலையில் ஏற்றி வைத்திருந்தார். தன் அப்பாவின் நோய், தன் வழியாகத்தானே வந்திருக்கும் என்று. கணவருக்கு ஒரு நாளும் வயிறு வலித்ததில்லை. "எனக்கு எப்படி சார்?" என்று கேட்டார் அவர். டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். மேலே தாத்தா, பாட்டி. கீழே அத்தையும் தம்பியும். அத்தைக்குக் கீழே மகன், தம்பிக்குக் கீழே மகள். இரண்டு கோடும் ஒரு சிறுவனிடம் வந்து முடிந்தன. ஒரே வீட்டுச் சொத்து இரண்டு வாசல் வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. "உங்க அம்மாகிட்டயும் பெரும்பாலும் ஒண்ணு இருக்கும்" என்றார் டாக்டர் கணவரிடம்.

இந்த மாற்றம் இருந்தாலே நோய் வந்துவிடும் என்பதும் இல்லை. சாதாரண மக்களிலேயே நூற்றுக்கு இரண்டு பேரிடம் ஒரு பிரதி இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிகிறார்கள். இரண்டு பிரதிகள் சேர்ந்தாலோ, வேறு மரபணுக்களும் சூழலும் துணை போனாலோதான் ஆபத்து பெருகுகிறது. உறவுக்குள் திருமணம் என்றால், ஒரே மாற்றம் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது.

அடுத்த முறை வேலூருக்குப் போனபோது, தகரப் பெட்டியின் அடியில் 1993-லிருந்து கிடந்த அப்பாவின் எக்ஸ்ரேயை எடுத்துப் போனார்கள். ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்த படத்தை டாக்டர் விளக்கில் வைத்துப் பார்த்தார். முதுகெலும்பின் குறுக்கே, ரவையைக் கொட்டினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். "கல்லு" என்றார்.

இருபத்தாறு வருடம் அது அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது.

"அப்ப எங்கப்பா குடிக்கலைன்னு சொல்லலாமா சார்?"

டாக்டர் அவசரப்படவில்லை. குடியால் கெட்ட கணையத்திலும் இப்படிக் கல் தெரியும், படம் மட்டும் அதைச் சொல்லாது என்றார். ஆனால் பள்ளிப் பருவத்திலேயே வலி, முப்பதில் சர்க்கரை, பேரனிடம் இந்த மரபணு, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இது குடி இல்லாமலே வந்திருக்கக்கூடிய நோய்தான் என்றார். பிறகு ஒன்று சொன்னார்: "குடிச்சு வந்திருந்தாலும் அவர் நோயாளிதாம்மா. அவருக்குத் தேவைப்பட்டது மருந்து."

நோயின் பெயர் தெரிந்த பிறகு வீட்டில் நிறைய மாறியது. முதலில் மாறியது சாப்பாடு. வலி வந்த நாளிலிருந்து மகனுக்குப் பத்தியம் வைத்திருந்தார் தாய். கஞ்சி, ரசம், இட்லி, அவ்வளவுதான். எண்ணெய் கண்ணில் படக்கூடாது. பிள்ளை ஈர்க்குச்சியாகிக் கொண்டிருந்தான். கடும் வலியோடு மருத்துவமனையில் கிடக்கும் நாட்கள் வேறு, மற்ற நாட்களில் வளரும் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள் என்றார் டாக்டர். முட்டை, பருப்பு, தயிர், அளவான எண்ணெய் எல்லாம் கொடுக்கலாம். ஒரேயடியாக வயிறு முட்டக் கொடுக்காமல் பிரித்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

செரிக்க வைக்கும் நீர் போதாததால்தான் சாப்பிடுவது உடம்பில் ஒட்டுவதில்லை. மலம் எண்ணெய்ப்பசையோடு மிதந்தால், தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் ஒட்டிக்கொண்டால் அதுதான் அறிகுறி. தாத்தாவின் பானைச் சோறு எங்கே போனது என்பதற்கும் இதுவே பதில். அதற்கு நொதி மாத்திரைகள் இருக்கின்றன. சாப்பிட்டு முடித்தபின் போட்டால் பயன் குறைவு; சாப்பாட்டோடு சேர்த்தே போட வேண்டும். ஏ, டி, ஈ, கே ஆகிய வைட்டமின்களின் குறைவையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

அந்த மாத்திரை பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது என்று மருந்துக் கடைக்காரர் சொன்னபோது வீட்டில் ஒரு சங்கடம் வந்தது. கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கும் வீடு. அத்தை என்ன சொல்வாரோ என்று தயங்கினார்கள். "புள்ள பொழைக்கிறதுக்குக் கொடுக்கிறதுல ஏதுடி தீட்டு?" என்று கேட்டுவிட்டு, டம்ளரில் தண்ணீரும் எடுத்து வந்தார் அத்தை.

எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்ல முடியாது. 2021-ல் வெளியிலிருந்து அதிர்வலை செலுத்திக் கற்களை உடைத்து, வாய்வழியாகக் குழாய் விட்டுத் துகள்களை அகற்றினார்கள். அதன்பிறகு வலி வரும் இடைவெளி நீண்டது, நிற்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சர்க்கரை பார்த்து வந்தார்கள். 2024-ல், பதினைந்தாவது வயதில், இன்சுலின் போட வேண்டியதாயிற்று. கணையம் கெட்டு வரும் சர்க்கரையில் ஒரு சிக்கல் உண்டு. சர்க்கரை தாழும்போது அதைத் தூக்கிவிடும் சுரப்பும் அதே கணையத்தில்தான் இருக்கிறது. அதுவும் குறைந்துவிடுவதால் திடீரென்று தாழ்நிலைக்குப் போய்விடலாம். அதனால் மகனின் புத்தகப் பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது. கூடவே, நோயின் பெயரையும் மருந்துகளையும் எழுதிய ஒரு சீட்டு. எந்த ஊரில் வலி வந்தாலும் அதைக் காட்டினால் முதல் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

டாக்டர் அவனிடம் நேரடியாகச் சொன்ன கட்டளை ஒன்று உண்டு. சிகரெட், பீடி, மது மூன்றும் வாழ்நாளுக்கும் கூடாது. மரபணு நம் கையில் இல்லை, இவை நம் கையில் இருக்கின்றன. இரண்டுமே கணையத்தை வேகமாகக் கெடுப்பவை. நீண்டகாலக் கணைய அழற்சி உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். புகை அதை இன்னும் கூட்டுகிறது. அன்றே கணவர் பீடிக் கட்டைத் தூக்கிப் போட்டார். பிள்ளை எதிரில் ஊதக்கூடாது என்பது மட்டுமல்ல, தன்னிடமும் ஒரு பிரதி இருப்பது இப்போது அவருக்குத் தெரியும்.

மகனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். 2012-ல் பிறந்தவள். அவளுக்கு இரண்டு பிரதிகள் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு, ஒன்று இருக்க நாலில் இரண்டு, இல்லாமலே போக நாலில் ஒன்று. சோதித்துவிடலாமா என்று கேட்டார் தாய். வலி எதுவும் இல்லாத குழந்தைக்கு இப்போது அவசியமில்லை என்றார் டாக்டர். தெரிந்தாலும் முன்கூட்டியே தடுக்க மாத்திரை கிடையாது. வராமலே போகக்கூடிய நோயின் பெயரைச் சுமந்துகொண்டு அவள் வளர வேண்டாம். வயிறு வலித்தால் மட்டும் வாயு என்று விட்டுவிடாதீர்கள். வளர்ந்தபின் அவளே தீர்மானிக்கட்டும் என்றார். தாய்க்கு அதை ஏற்றுக்கொள்ளச் சில வாரங்கள் பிடித்தன. ராத்திரியில் எழுந்து, மகள் எப்படிப் படுத்திருக்கிறாள் என்று பார்க்கும் வழக்கம் இன்னும் போகவில்லை.

2023-ல் உறவுக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில், இவள் படித்து முடித்ததும் அத்தையின் மகள் வயிற்றுப் பேரனுக்கே கொடுத்துவிடலாம், முறைதானே என்றார். தாய் வாயைத் திறக்கும் முன்பே அத்தை பதில் சொன்னார். "வேணாம். எங்க வீட்டுல இருக்கறது போதும். வெளியில பாருங்க."

எக்ஸ்ரே விஷயத்தை வேலூரிலிருந்து வந்த அன்றே அத்தையிடம் சொல்லியிருந்தார்கள். அப்போது அவர் ஒன்றும் பேசவில்லை. படத்தை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். எந்தப் புள்ளி என்று மட்டும் கேட்டார். தொட்டுக் காட்டினார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வருடம் தம்பியின் திதிக்கு அவர் வந்தார். இலையில் முதல் சோறு அவர் கையால் விழுந்தது. சாப்பிட வந்த பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர் பழைய நினைப்பில், "பாவம், அந்தப் பாழாப்போன பழக்கம் இல்லேன்னா இன்னிக்கும் இருந்திருப்பான்" என்றார்.

"எந்தப் பழக்கம்?" என்று கேட்டார் அத்தை. பந்தியில் சத்தம் அடங்கியது. "எந்தம்பி குடிச்சவன் இல்ல. வயித்துக்குள்ள கணையம்னு ஒண்ணு இருக்குதாம். அதுல கல்லு. எங்க வம்சத்துலயே இருக்குது, எங்கிட்டயும் இருக்குமாம்" என்றார்.

பிறகு அந்த முதியவரின் இலையைப் பார்த்து, "ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்டார்.